முன்சீப் எழுதிய ‘காய்ச்சல்’: மூச்சுமுட்டும் ஒரு நோய்க்குப் பெயர் வந்த கதை

1918 அக்டோபர். சின்னசேலம் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். முப்பது வயசு ஆள் ஒருத்தர் காய்ச்சலில் படுத்து, நாலாம் நாள் மூச்சு வாங்கி, ஐந்தாம் நாள் உதடெல்லாம் நீலம் பூத்துச் செத்துப்போகிறார்னு வெச்சுக்குவோம். அந்தச் சாவை அரசாங்கக் கணக்கில் ஏற்ற வேண்டியவர் கிராம முன்சீப். 1899-ல் வந்த சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அந்த வேலையை அவர் தலையில்தான் வைத்திருந்தது. அவருக்கு மருத்துவம் தெரியாது. அன்றைய சுகாதார அறிக்கைகளில் சாவுக்கென்று இருந்த கட்டங்களும் கொஞ்சம்தான்: காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய், காயம், மற்றவை.

அவர் எதில் எழுதுவார்? பெரும்பாலும் ‘காய்ச்சல்’. அந்த ஆண்டு இன்ஃப்ளூயன்சா சாவுகளில் பெரும்பகுதி நாடு முழுக்க அந்தக் கட்டத்தில்தான் போய் விழுந்தது. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குப் போட உட்கார்ந்தபோது, வழக்கமான ஆண்டுகளைவிடக் காய்ச்சல் சாவு எவ்வளவு கூடியது என்று கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் ஒருவர் 1.2 கோடி என்கிறார், இன்னொருவர் 2 கோடிக்குப் பக்கத்தில் போகிறார். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்திய மக்கள்தொகை கூடாமல் குறைந்தது என்பது மட்டும் சென்சஸில் உறுதியாக நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பத்தாண்டிலும் அப்படி நடக்கவில்லை.

அப்படிச் செத்தவர்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நுரையீரல் கெடவில்லை. பெரும்பாலோருக்கு ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா வந்தது. ஆனால் ஒரு பகுதியினர் இரண்டு மூன்று நாளிலேயே முகம் ஊதா நிறமாகிப் போய்ச் சேர்ந்தார்கள். பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் அந்த நிறத்துக்கு ஹீலியோட்ரோப் பூவின் பெயரை வைத்தார்கள். உடலை அறுத்துப் பார்த்தால் நுரையீரல் தண்ணீர் கோத்து, கல்லீரல் போலக் கனமாக இருந்தது. இன்று அந்த நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஏ.ஆர்.டி.எஸ். தமிழில் கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி. இந்தப் பெயர் எப்படி வந்தது, அது கள்ளக்குறிச்சி மாதிரி ஒரு ஊருக்கு வந்துசேர ஏன் இவ்வளவு நாளாச்சு என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் உள்ளே என்ன நடக்கிறதுன்னு பார்த்துடலாம்.

நம் இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 முதல் 50 கோடி காற்றுப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வலை மாதிரிச் சுற்றியிருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் மிக மெல்லியது, ஆக்சிஜன் தானாகக் கடந்து போய்விடும். உடம்பில் எங்காவது பெரிய அழற்சி கிளம்பினால் இந்தச் சுவர் ஒழுக ஆரம்பிக்கும். நிமோனியா, ரத்தத்தில் கிருமி பரவுவது, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குவது, பெரிய விபத்து, கணைய அழற்சி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். புரதம் கலந்த நீர் காற்றுப்பைக்குள் கசியும். பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சர்ஃபாக்டன்ட் என்று சோப்புநீர் மாதிரி ஒரு பூச்சு உண்டு. கசிந்த நீர் அதையும் கெடுத்துவிடும். பூச்சு போனால் பை சுருங்கி மூடிக்கொள்ளும்.

மூடிய பையைச் சுற்றி ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளாமலே இதயத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சர்வர் செத்த பிறகும் லோட் பேலன்சர் அதற்கே கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருப்பது மாதிரி. அதனால்தான் இந்த நோயில் முகமூடி வழியாக எவ்வளவு ஆக்சிஜன் திறந்துவிட்டாலும் அளவு ஏற மாட்டேங்குது. திறந்திருக்கும் பைகளுக்குத்தான் அந்தக் காற்று போகும், மூடின பைக்கு எட்டாது.

வெளியே தெரிவது இப்படி. மூல நோய் தொடங்கி சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் மூச்சு வேகமாகும். பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். அது 24 ஆகும், 30 தாண்டும். கழுத்துத் தசை இழுக்கும், விலா நடுவே குழி விழும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாது. பிறகு நிலைகொள்ளாமல் தவிப்பு, உளறல், மயக்கம். எக்ஸ்ரேவில் இரண்டு பக்க நுரையீரலும் பனி மூடின மாதிரி வெள்ளையாகத் தெரியும். இதயம் பலவீனப்பட்டாலும் நுரையீரலில் நீர் கோக்கும், ஆனால் இங்கே இதயம் அதற்குக் காரணமில்லை.

முதல் ஒரு வாரம் கசியும் காலம். அடுத்த இரண்டு வாரம் உடம்பு பழுது பார்க்கும் காலம். சிலருக்குப் பழுது பார்க்கிற வேலையே எல்லை மீறி நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும்.

இனி பெயருக்கு வருவோம். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், இதயக்கோளாறு இல்லாமலே நுரையீரலில் நீர் கோப்பதை 200 ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். பிறகு போருக்கு ஒரு பெயராக வந்தது. இரண்டாம் உலகப்போரில் ‘ஈர நுரையீரல்’ என்றார்கள். வியட்நாம் போரில் ‘டா நாங் நுரையீரல்’ என்றார்கள். டா நாங் அமெரிக்க ராணுவ மருத்துவமனை இருந்த ஊர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வியட்நாமில் ஹெலிகாப்டர் வந்து அடிபட்டவர்களைச் சீக்கிரம் தூக்கிப்போனதால், முன்பெல்லாம் ரத்தம் போயே செத்திருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்குத்தான் இரண்டு நாள் கழித்து நுரையீரல் கெட்டது. ஊர்ப்பக்கமும் அதே கதைதான். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்கு ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில் கையாலேயே பை அழுத்திக் காற்று கொடுத்தார்கள். ப்யோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரின் யோசனை அது. அதிலிருந்துதான் ஐ.சி.யூ. என்ற ஏற்பாடும், பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த வென்டிலேட்டரும் வளர்ந்தன. ஆக, ஒரு நோயாளியை முதல் இரண்டு நாள் சாகவிடாமல் பிடித்துவைக்கும் வசதி எங்கே வந்ததோ அங்கேதான் ஏ.ஆர்.டி.எஸ். கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் அது வெறும் ‘மூச்சுத்திணறிச் செத்தார்’.

1967 ஆகஸ்டில் டென்வரைச் சேர்ந்த ஆஷ்பாஃப், பிக்லோ, பெட்டி, லெவின் என்ற நால்வர் லான்செட் இதழில் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு விபத்துக் காயம், இன்னொருவருக்கு வைரஸ் தொற்று, வேறொருவருக்குக் கணைய அழற்சி. காரணம் வேறு வேறு, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரித் திணறினார்கள். 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் மூச்சுத்திணறலோடு இது ஒத்துப்போவதை அவர்கள் கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு சர்ஃபாக்டன்ட் பூச்சு போதாது என்பதை 1959-ல் மேரி எல்லன் ஏவரி காட்டியிருந்தார். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963-ல் பிறந்து இரண்டு நாள்கூட ஆகாமல் இறந்தது அதே நோயில்தான். குழந்தைகளின் நோயிலிருந்து பிரித்துக் காட்ட இதற்கு முதலில் ‘அடல்ட்’ என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் வருகிறது என்பதால் 1994-ல் கூடிய நிபுணர் குழு அந்த ‘ஏ’வை ‘அக்யூட்’ என்று மாற்றியது.

2012-ல் வந்த பெர்லின் வரையறை நோயை மூன்று படியாகப் பிரித்தது. தமனி ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளி இழுக்கும் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுக்க வேண்டும். நல்ல நுரையீரலுக்கு விடை 400-க்கு மேலே வரும். 300-க்குள் வந்தால் லேசானது, 200-க்குள் நடுத்தரம், 100-க்குள் கடுமை. அவர்கள் பார்த்த தரவில் இறந்தவர்கள் முறையே 27, 32, 45 சதவீதம்.

சிகிச்சையில் முன்னேற்றம் வந்த விதமும் சுவாரஸ்யம். புது மருந்தைவிட, செய்துகொண்டிருந்த தீங்கைக் குறைத்ததுதான் அதிகம் பேரைக் காப்பாற்றியது. திறந்திருக்கும் நுரையீரல் குழந்தையின் நுரையீரல் அளவுதான் என்பதை இத்தாலிய மருத்துவர் கட்டினோனி சி.டி. ஸ்கேனில் காட்டினார். அதற்குள் பெரியவர் அளவுக் காற்றைத் திணித்தால் இருப்பதும் கிழியும். 2000-ல் 861 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த இடத்தில் 6 மில்லி கொடுத்தபோது, மரணம் 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் கடுமையான நோயாளிகளை நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். 28 நாள் மரணம் 32.8-லிருந்து 16 சதவீதமாகப் பாதியானது. படுக்கையில் ஆளைத் திருப்பிப் போடுவதற்கு மருந்துச் செலவு கிடையாது. நாலைந்து பேரின் கையும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் டென்வர், பெர்லின், பிரான்ஸ். நம்ம ஊருக்கு எப்போது வந்தது?

கள்ளக்குறிச்சி ஒரு காலத்தில் தென்னாற்காட்டு ஜில்லாவின் தாலுகா. 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் போனது. 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம். சின்னசேலத்திலிருந்து மேற்கே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 70 கிலோமீட்டர். கிழக்கே புதுச்சேரி ஜிப்மர் அதைவிடத் தூரம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து வருபவர்கள் முதலில் மலை இறங்கணும். ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிக்கு இந்தத் தூரம் பெரிய விஷயம். காலையில் வேகமாக மூச்சு விட்டவர் சாயங்காலம் வென்டிலேட்டர் தேவைப்படும் நிலைக்குப் போய்விட முடியும்.

பெயர் வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டுக்கு அதைச் சேர்ந்த சொற்கள் வந்தன. ‘எக்மோ’ என்ற சொல்லைப் பெரும்பாலோர் முதன்முதலில் கேட்டது 2016 டிசம்பரில், ஜெயலலிதாவின் கடைசி நாளில். நாலு வருஷம் கழித்து எஸ்.பி. பாலசுப்ரமணியம். 2020 ஆகஸ்ட் 5-ல் லேசான காய்ச்சல், சளி என்று தானே வீடியோவில் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். 13-ம் தேதி இரவு நிலை மோசமானது. அடுத்து வென்டிலேட்டர், எக்மோ. செப்டம்பரில் கொரோனா நெகட்டிவ் என்று மகன் சொன்னபோது எல்லோரும் நிம்மதியானோம். செப்டம்பர் 25-ல் அவர் இல்லை. கிருமி போன பிறகும் நுரையீரல் திரும்பி வராமல் இருக்கலாம் என்பதையும், முதல் வாரம் நன்றாக இருப்பவருக்கு எட்டாம் நாளுக்கு மேல் சரிவு வரலாம் என்பதையும் மருத்துவப் புத்தகம் படிக்காத ஜனங்கள் அந்த 50 நாளில் தெரிந்துகொண்டார்கள்.

2021 மே மாதம் அது வீட்டுக்கு வீடு வந்தது. மே 21-ல் மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. சேலம் உருக்காலை வளாகத்திலேயே, அங்கே தயாராகும் ஆக்சிஜனை நம்பி, 500 படுக்கையோடு தற்காலிக சிகிச்சை மையம் திறந்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய காலம் அது. 94-க்குக் கீழே போனால் ஓடணும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மூச்சுத்திணறல் உணர்வே இல்லாமல் அளவு 80-க்கு இறங்கிய நோயாளிகளும் இருந்ததால் அந்தச் சின்னக் கிளிப்புக்கு அவ்வளவு மரியாதை. அதன் தத்துவத்தை 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. உலகமே அதைத் தேடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

ஆக்சிமீட்டரோடு கதை முடியவில்லை. பெர்லின் வரையறையை மறுபடி பாருங்கள். தமனி ரத்தப் பரிசோதனை வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், நோயாளி குறிப்பிட்ட அழுத்தத்தில் இயந்திரச் சுவாசத்தில் இருக்க வேண்டும். இது மூன்றும் இல்லாத மருத்துவமனையில் விதிப்படி ஏ.ஆர்.டி.எஸ். நோயாளியே இருக்க முடியாது! ருவாண்டாவின் கிகாலி நகர மருத்துவமனை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். 1,046 நோயாளிகளில் பெர்லின் விதிப்படி ஒருவருக்கும் ஏ.ஆர்.டி.எஸ். இல்லை. அதே விதியில் ரத்தப் பரிசோதனைக்குப் பதில் விரல் கிளிப், எக்ஸ்ரே இல்லாத இடத்தில் அல்ட்ராசவுண்ட், வென்டிலேட்டர் கட்டாயமில்லை என்று மாற்றியதும் 42 பேர் தென்பட்டார்கள். அந்த 42-ல் பாதிப் பேர் இறந்தார்கள். முன்சீப்பின் கட்டங்களில் இல்லாத சாவு மாதிரிதான் இதுவும். 2023-ல் வந்த உலக வரையறை கிகாலியின் இந்த மாற்றங்களை ஏற்றுக்கொண்டது. விதி மாறினதால் ஆள் பிழைத்துவிட மாட்டார். ஆனால் எண்ணிக்கையில் வராத நோய்க்குப் படுக்கையும் ஆக்சிஜன் குழாயும் கேட்டுப் பட்ஜெட்டில் பணம் வாங்க முடியாது.

வசதியான இடத்திலும் இது கண்ணில் படாமல் போகிறது. 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், விதிப்படி ஏ.ஆர்.டி.எஸ். இருந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் மருத்துவர்கள் அதைக் கண்டுகொண்டிருந்தார்கள்.

கல்வராயன் அடிவாரத்துக்குப் பொருந்தும் இன்னொரு பக்கமும் உண்டு. கொரோனா போன பிறகும் தமிழ்நாட்டில் ஏ.ஆர்.டி.எஸ். கொண்டுவரும் நோய்களில் முக்கியமானது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். புதர்க்காட்டிலும் வயல் ஓரத்திலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிக்குஞ்சு கடிப்பதால் வருவது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 2005 முதல் 2010 வரை பார்த்த 623 நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு ஏ.ஆர்.டி.எஸ். வந்திருந்தது, 9 சதவீதம் பேர் இறந்தார்கள். இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின், மலிவான மாத்திரை. கடுமையான நிலையில் அதோடு அசித்ரோமைசினையும் ஊசியாகச் சேர்த்தால் சிக்கல் குறைகிறது என்பதை 2023-ல் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் பீடி சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு பல நோயாளிகளுக்கு இருக்கும், வலிக்காது. ஐந்து நாளாகக் காய்ச்சல் விடாதவரின் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் போதும், நுரையீரல் கெடுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம்.

பிழைத்தவர்களின் கதையையும் சொல்லணும். டொரன்டோவில் 109 பேரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நுரையீரல் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரம் அவர்கள் வயசுக்கு எதிர்பார்ப்பதில் முக்கால் பங்குதான். மனச்சோர்வும் கூடவே இருந்தது. இயந்திரத்தில் இருந்து வந்தவரை, ‘அதான் சரியாயிடுச்சே’ என்று மறுமாசமே கரும்பு வெட்ட அனுப்பக் கூடாது.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. சின்னசேலத்துக்காரர் மேற்கே 70 கிலோமீட்டர் போகாமல் கிழக்கே போய் மாவட்டத்துக்குள்ளேயே சேரலாம்.

முன்சீப் பதவி 1980-களிலேயே போய்விட்டது. ஆனால் அவருடைய பிரச்சினை முழுதாகப் போகவில்லை. 2020-ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தது 22.5 சதவீதம். அப்படி எழுதும் படிவத்திலும் ஏ.ஆர்.டி.எஸ். மேல் வரியில் ‘உடனடிக் காரணம்’ என்று வரும். புள்ளிவிவரம் எடுப்பவர்கள் அதற்குக் கீழே இருக்கும் மூல நோயைத்தான் எண்ணுவார்கள். மூல நோயைத் தடுக்க அதுதான் சரியான முறை. கீழ் வரி காலியாக இருந்து ‘மூச்சடைப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டால், அந்தச் சாவு எந்த நோயிலும் சேராது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சான்றிதழ் வாங்க நேர்ந்தால் கீழ் வரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள், காலியாக இருந்தால் கேளுங்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காய்ச்சலில் படுத்தவர் மார்பு ஏறி இறங்குவதை, அவருக்குத் தெரியாமல், முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 24-க்கு மேல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிப் வாங்காத வீட்டிலும் கடிகாரம் இருக்கும்.